லோரிக்குக் கூடுதல் விளக்கா? முதலில் ஃபியூஸைக் கவனியுங்கள்!

பாசிர் கூடாங், தஞ்சோங் பெலப்பாஸ் என இரண்டு பெரிய துறைமுகங்கள் இருப்பதால் ஜொகூர் சாலைகளில் இரவு பகலாக லோரிகள் ஓடுகின்றன. செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளோ விடியும் முன்பே தெருவிளக்கு இல்லாத தோட்டத்து மண் பாதையில் இறங்கிவிடுகின்றன. இவர்கள் கூடுதலாக எல்இடி விளக்கு கேட்பது நியாயம்தான். ஆனால், லோரி வயரிங் வேலை செய்யும் எனக்கு விளக்கைவிட அதற்குப் போகும் வயரைப் பற்றித்தான் கவலை.

“அண்ணே, ஃபியூஸ் அடிக்கடி போகுது. 30 ஆம்பியர் ஒன்னு போட்டு விட்டுருங்க” என்று கேட்பவர்கள் உண்டு. ஃபியூஸுக்குப் பதிலாக சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைத்திருந்த லோரியையும் பார்த்திருக்கிறேன். மெத்தை, திரைச்சீலை, பிளாஸ்டிக் என்று கேபினுக்குள் இருப்பதெல்லாம் தீப்பற்றும் பொருள்கள். தூரப் பயணத்தில் ஓட்டுநர் கண்ணயர்வதும் அங்கேதான்.

ஃபியூஸ் விளக்கைக் காப்பாற்றுவதற்காக இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது காப்பது வயரை. வயரின் மேலுறை தேய்ந்து உள்ளே இருக்கும் செம்பு லோரியின் இரும்பில் பட்டால், பேட்டரி ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தைத் தள்ளும். வயர் அடுப்புக் கம்பி போலச் சிவக்கும். அதற்கு முன்பே உருகி மின்சாரத்தை அறுப்பதுதான் ஃபியூஸின் வேலை. பெரிய ஃபியூஸ் போட்டால், ஃபியூஸ் உருகும் முன் வயர் எரிந்துவிடும்.

ஆகவே ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். விளக்கின் பக்கத்தில் வைத்தால், பேட்டரியிலிருந்து அதுவரை வரும் வயருக்குப் பாதுகாப்பே இல்லை. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும்.

அளவைக் கணக்கிடுவது எளிது. விளக்கின் வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். 48 வாட் விளக்கு இரண்டு என்றால் மொத்தம் 96 வாட். பெரிய லோரியின் 24 வோல்ட்டில் அது 4 ஆம்பியர். 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஹைலக்ஸ் போன்ற 12 வோல்ட் வண்டியில் அதே விளக்குகளுக்கு 8 ஆம்பியர் ஆகும். 10 ஆம்பியர் ஃபியூஸ் வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இதைத் தாங்கும். பின்பக்கம் வரை வயர் நீளமாகப் போவதாக இருந்தால் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் நல்லது. இல்லையென்றால் விளக்கு மங்கும். மலிவு வயர் சிலவற்றில் உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு மட்டுமே இருக்கும். கத்தியால் சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பெரிய லோரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறோம். 12 வோல்ட் விளக்குக்காக ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுப்பது தவறு. அந்தப் பேட்டரி தேய்ந்துகொண்டே போகும். மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும். நாளடைவில் இரண்டுமே கெடும். 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் விளக்காக வாங்குங்கள். ரிலே போடும்போதும் 24 வோல்ட் ரிலேதானா என்று பார்த்து வாங்குங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். முடிந்த பின் அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். இரும்புத் துளை வழியாக வயர் போகும் இடத்தில் ரப்பர் வளையம் அவசியம். கேபின் கவிழும் இடத்தில் வயர் இழுபடாதபடி கொஞ்சம் தளர்வு விடுங்கள். புகைக்குழாய்ப் பக்கம் வயர் போகவே கூடாது. வயரை முறுக்கி டேப் ஒட்டினால், ஆண்டு இறுதி மழையில் ஈரம் புகுந்து செம்பு பச்சை பிடிக்கும். முனைகளை அழுத்திப் பிடித்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுவதே நீடிக்கும்.

எல்லாம் முடிந்ததும் விளக்கை அரை மணி நேரம் எரியவிட்டு வயரையும் ஃபியூஸ் கூட்டையும் தொட்டுப் பாருங்கள். சுட்டால் எங்கோ கோளாறு இருக்கிறது. ஃபியூஸ் மறுபடியும் போனால், காரணத்தைத் தேடுங்கள்; ஆம்பியரைக் கூட்டாதீர்கள்.

இன்னொன்று. கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் போகும் இருவழிச் சாலையில், எதிரே வரும் மோட்டார்சைக்கிள்காரரின் கண்ணைக் கூசவைக்கும் விளக்கு அவர் உயிருக்கே ஆபத்து. கூடுதல் விளக்கின் நிறம், எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் விதிகள் உண்டு. ஜேபிஜேயிடமோ வாகனப் பரிசோதனை மையத்திலோ முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வீட்டில் யாராவது லோரி ஓட்டினால், இந்த வாரம் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, பச்சை 30. சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை இருந்தால் உடனே மாற்றுங்கள். ஒரு ஃபியூஸின் விலை ஒரு கிளாஸ் தே தாரிக்கைவிடக் குறைவுதான்!