தாகூரின் கவிதைக்கு மெட்டுத் தந்த தபால்காரர்: கேட்ட இசை எழுத்தை மாற்றியது எப்படி?

வங்கதேசத்தின் தேசிய கீதத்தை எழுதியவர் ரவீந்திரநாத் தாகூர் என்பது பலரும் அறிந்ததே. ஆனால், அதன் மெட்டு ஒரு கிராமத் தபால்காரரின் பாடலிலிருந்து வந்தது என்பது பரவலாக அறியப்படவில்லை. ஒரு கவிஞர் கேட்கும் இசை அவரது எழுத்துக்குள் எவ்வாறு நுழைகிறது என்பதற்குத் தாகூரின் பாடல்கள் தெளிவான சான்றாக உள்ளன.

செவ்வியல் இசை தந்த வடிவம்

கொல்கத்தாவின் ஜோராசாங்கோ இல்லத்தில் தாகூரின் சிறுவயதில் விஷ்ணுபூர் மரபைச் சேர்ந்த துருபத் கலைஞர் ஜது பட்டா இசை கற்பித்தார். முறையான பாடங்களுக்குப் பிடிகொடுக்காமல், ஒதுங்கி நின்று கேட்டே பாடல்களைக் கற்றதாகத் தாகூர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

துருபத் பாடலில் ஸ்தாயி, அந்தரா, சஞ்சாரி, ஆபோக் என நான்கு பகுதிகள் உண்டு. கர்நாடக இசையின் பல்லவி, அனுபல்லவி, சரணம் போன்ற பகுப்பு இது. தாகூரின் பல பாடல்கள் இந்த அமைப்பிலேயே எழுதப்பட்டவை. ஸ்தாயியில் கருத்து தொடங்குகிறது. அந்தராவில் குரல் மேலேற, கருத்தும் விரிகிறது. சஞ்சாரியில் மெட்டு திசை மாறும்போது சிந்தனையும் திரும்புகிறது. ஆபோக் பெரும்பாலும் அந்தராவின் மெட்டிலேயே பாடலை நிறைவு செய்கிறது.

நாட்டார் இசை தந்த மொழி

1890-களில் குடும்ப நிலங்களை நிர்வகிக்கத் தாகூர் சிலைதஹாவில் தங்கினார். இன்று வங்கதேசத்தின் குஷ்டியா மாவட்டத்தில் உள்ள அவ்வூரில் பாவுல் பாடகர்களின் பாடல்களை அவர் கேட்டார். இறைவனை மனிதனுக்குள்ளேயே தேடும் இப்பாடல்கள், எளிய பேச்சுமொழியில், முதலடி மீண்டும் மீண்டும் ஒலிக்கும்படி அமைந்தவை. தபால்காரரான ககன் ஹர்காராவும் அங்கு பாடியவர்.

1905-ல் வங்கம் பிரிக்கப்பட்டபோது, ககனின் மெட்டில் தாகூர் 'அமார் சோனார் பாங்ளா' பாடலை எழுதினார். மெட்டு முன்னரே இருந்ததால், வரியின் நீளத்தையும் சொல் நிற்கும் இடத்தையும் அதுவே வரையறுத்தது. மக்கள் கூடிப் பாடுவதற்கு அந்த எளிமையும் பொருந்தியது. அதே ஆண்டு வெளியான அவரது பாடல் தொகுப்பின் பெயரே 'பாவுல்'.

தென்னிந்திய இசையும் அவரை எட்டியது. முத்துசுவாமி தீட்சிதர் மதுரை மீனாட்சி மீது இயற்றிய 'மீனாக்ஷி மே முதம்' கீர்த்தனையின் மெட்டில் அவர் ஒரு வங்கப் பாடலை அமைத்தார்.

பதிவு செய்யப்பட்ட கடன்

ககனின் பாடலைத் தாகூர் 1915-ல் 'பிரபாசி' இதழில் வெளியிடச் செய்தார். பாவுல் மரபின் முதன்மைக் கவிஞரான லாலனின் பாடல்களும் அவ்விதழில் இடம்பெற்றன. வாய்மொழியாக மட்டுமே வழங்கிவந்த பாடல்கள் இவ்வாறு அச்சேறின.

1971-ல் உருவான வங்கதேசம், தாகூர் பாடலின் முதல் 10 வரிகளைத் தேசிய கீதமாக ஏற்றது. அந்நாட்டின் பாவுல் பாடல்களை மனிதகுலத்தின் தலைசிறந்த வாய்மொழி மரபுகளுள் ஒன்றாக 2005-ல் யுனெஸ்கோ அறிவித்தது. அந்த கீதம் ஒலிக்கும் இடமெல்லாம் ககனின் மெட்டும் ஒலிக்கிறது.