ஹாட் ராட்

ஹாட் ராட் என்பது பழைய கார் ஒன்றின் உடற்பகுதியையும் அடிச்சட்டத்தையும் (சேசிஸ்) கொண்டு, அதிகத் திறனுள்ள என்ஜினைப் பொருத்தி, வேகமாக ஓடும் வகையில் மாற்றிக் கட்டப்படும் காராகும். இப்பழக்கம் அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் 1930களில் வளர்ந்தது. இன்றும் பலர் வீட்டுப் பட்டறையிலேயே இதைக் கட்டுகின்றனர்.

வரலாறு

1932இல் ஃபோர்டு நிறுவனம் எட்டு சிலிண்டர்கள் கொண்ட வி-8 என்ஜினைச் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் தந்தது. அதன் கொள்ளளவு 3.6 லிட்டர், திறன் 65 குதிரைத்திறன். இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களைக் குறைந்த விலைக்கு வாங்கி, மட்கார்டு, பம்பர் முதலியவற்றைக் கழற்றி எடையைக் குறைத்தனர். மியூராக், எல் மிராஜ் ஆகிய வறண்ட ஏரிப் படுகைகளில் வேகத்தைச் சோதித்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இது நாடெங்கும் பரவியது. தெருப் பந்தயங்களுக்கு மாற்றாக ஒழுங்கான பந்தயங்களை நடத்த, 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கம் தொடங்கப்பட்டது.

வேகமும் பிரேக்கும்

1955இல் வந்த செவ்ரோலெட் 4.3 லிட்டர் வி-8 என்ஜினின் தொடக்கத் திறனே 162 குதிரைத்திறன். இத்தகைய என்ஜினை 1932ஆம் ஆண்டுக் காரில் வைத்தால் என்ன ஆகும்?

இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் 100 ஆகும்போது ஆற்றல் நான்கு மடங்காகிறது. அதை முழுவதும் வெப்பமாக மாற்றினால்தான் பிரேக் வண்டியை நிறுத்த முடியும். 1932 ஃபோர்டில் இருந்தவை இரும்புத் தண்டுகளால் இயங்கும் பிரேக்குகள். தண்டுகளின் இழுப்பு சமமாக இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். 1939 ஃபோர்டு கார்களில் திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் வந்தது. பள்ளியில் படிக்கும் பாஸ்கல் விதியே இதன் அடிப்படை. ஹாட் ராட் கட்டுவோர் அந்த பிரேக்குகளை எடுத்துப் பழைய கார்களில் பொருத்தினர். இன்று பலர் டிஸ்க் பிரேக் பொருத்துகின்றனர்.

கட்டும் வரிசை

1. காரை முழுவதும் பிரித்து, துருப்பிடித்த பகுதிகளைக் கண்டறிதல்.
2. அடிச்சட்டத்தை வலுப்படுத்துதல். பழைய ஃபோர்டின் சட்டம் ஒரு பக்கம் திறந்த வடிவில் இருக்கும். திறந்த பக்கத்தில் எஃகுத் தகட்டைப் பற்றவைத்து மூடினால் அது எளிதில் முறுக்கிக்கொள்ளாது.
3. அச்சு, ஸ்டீயரிங், பிரேக் ஆகியவற்றைப் பொருத்துதல்.
4. என்ஜினையும் கியர்பெட்டியையும் வைத்து இடம் பார்த்தல்.
5. எல்லாம் சரியாக அமைந்தபின் மீண்டும் பிரித்து, வண்ணம் பூசி, மின்கம்பிகளுடன் இறுதியாகப் பூட்டுதல்.

வண்ணம் பூசியபின் பற்றவைக்க நேர்ந்தால் பூச்சு கருகிவிடும். எனவே இந்த வரிசை முக்கியம்.

பாதுகாப்பு

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. உறுதியான தாங்கிகள் தேவை. காலியான பெட்ரோல் தொட்டியிலும் ஆவி தங்கியிருக்கும். அதைப் பற்றவைத்தால் வெடிக்கலாம். மூடிய அறையில் என்ஜினை ஓட்டினால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். முதல் ஓட்டத்தில் குறைந்த வேகத்தில், ஆளில்லா இடத்தில், பிரேக்கையே முதலில் சோதிக்க வேண்டும்.