துனீசியாவுக்குப் போகாத டைகர்

எங்கள் அஸ்தினாபுரத்தில், பக்கத்து வீட்டு மாணவர் ஒருவர் அட்டையும் பிளாஸ்டிக்கும் கொண்டு ஜெர்மானிய ‘டைகர்’ டாங்கியின் மாதிரி ஒன்றைச் செய்து கொண்டுவந்து காட்டினார். அருமையான வேலைப்பாடு. பீடத்தில் ‘துனீசியா, 1943’ என்று எழுதியிருந்தார். டாங்கியின் பக்கங்களில் பசையைப் பூசி, சீப்பினால் வரி வரியாகக் கீறியிருந்தார். அந்த வரிகள்தாம் பீடத்து எழுத்தைப் பொய்யாக்கிவிட்டன! எப்படி என்கிறீர்களா?

உண்மை டாங்கிகளில் இருந்த அந்தப் பூச்சுக்கு ‘சிம்மரிட்’ என்று பெயர். காலாள் வீரன் ஓடிவந்து டாங்கியின் எஃகில் ஒட்டிவைக்கும் காந்த வெடிகள் அப்போது இருந்தன. காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவே சிறிது இடைவெளி வந்தாலும் ஈர்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். காந்தத்தன்மையற்ற பசையைப் பூசி, அதையும் மேடு பள்ளமாக்கினால் வெடி ஒட்டாது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வெடிகளை மிகுதியாகப் பயன்படுத்தியவர்கள் ஜெர்மானியரே. எதிரியும் அவ்வாறே செய்வான் என்ற அச்சந்தான் காரணம்.

ஆனால் தொழிற்சாலைகளில் சிம்மரிட் பூசத் தொடங்கியது 1943-இன் பிற்பகுதியில். துனீசியப் போரோ அவ்வாண்டு மே மாதமே முடிந்துவிட்டது!

அப்படியானால் பீடத்து எழுத்தை மட்டும் மாற்றினால் போதாதா? அதற்குச் சக்கரங்களைப் பார்க்க வேண்டும். டைகரின் ஒவ்வொரு பக்கத்திலும் எட்டு அச்சுகள் உண்டு. முதலில் அச்சுக்கு மூன்றாக, ரப்பர் விளிம்புள்ள சக்கரங்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்தாற்போல் அமைந்திருந்தன. 1944 பிப்ரவரி முதல், அச்சுக்கு இரண்டாக எஃகு விளிம்புச் சக்கரங்கள் வந்தன. நம் மாணவர் பொருத்தியிருந்தவை ரப்பர் சக்கரங்கள். பூச்சும் ரப்பர் சக்கரமும் சேர்ந்து வெளிவந்த டைகர் என்றால், அது 1943 பிற்பகுதிக்கும் 1944 தொடக்கத்துக்கும் இடைப்பட்ட சில மாதங்களில் உருவானதாகவே இருக்க வேண்டும். பிறந்த தேதியையே சொல்லிவிடலாம் போலிருக்கிறது!

இன்னொரு தவறும் இருந்தது. மாதிரியின் அளவு 1:35. அதாவது மாதிரியில் 1 மி.மீ. என்பது உண்மையில் 35 மி.மீ. டைகரின் 725 மி.மீ. அகலச் சங்கிலிப்பட்டை மாதிரியில் 21 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, 100 மி.மீ. முன்கவசம் 3 மி.மீ.கூட இல்லை. சில மில்லிமீட்டரே தடித்த பூச்சை மாணவர் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசியிருந்தார். உண்மை டாங்கியில் அது இரண்டு விரல் கனச் சுவராகிவிடும்! எப்படியும் சுரண்டத்தான் வேண்டும் என்றானபின், முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, துனீசியாவையே வைத்துக்கொண்டார்.

இப்போது அவர் நம் ஆவடியில் உருவான ‘அர்ஜுன்’ டாங்கியைச் செய்யத் தொடங்கியிருக்கிறார். அதன் முதல் வகைக்கு 1,400 குதிரைத்திறன் கொண்ட ஜெர்மானிய எஞ்சின். தோற்றத்திலும் ஜெர்மனியின் ‘லெப்பர்ட்-2’ போலிருக்கும். ஆகவே லெப்பர்டைச் செய்து அர்ஜுன் என்று பெயர் எழுதிவிடலாம் என்று நினைக்காதீர்கள். குழல் வாயை உற்றுப் பாருங்கள். இரண்டும் 120 மி.மீ. பீரங்கிகளே. ஆனால் லெப்பர்டின் குழல் உள்ளே வழவழப்பானது; அர்ஜுனின் குழலிலோ குண்டைச் சுழலவிடும் திருகு வரிகள் உண்டு. மாதிரியில் அந்த வாய் மூன்றரை மில்லிமீட்டர்கூட இராது. மாணவர் ஊசிமுனையால் உள்ளே வரி கீறிக்கொண்டிருக்கிறார்.