மணத்தக்காளியை இனங்காணும் முறை

மழைக்குப்பின் மேடவாக்கம் ஏரிக்கரையிலும் கொல்லைப்புறங்களிலும் விதைக்காமலே முளைப்பது மணத்தக்காளி. வாய்ப்புண்ணுக்கு இதன் கீரையை உண்பது நம்மவர் வழக்கம். ஆயினும், புதுக் குடியிருப்புகளில் வளரும் பிள்ளைகள், காய் வேறு, கனி வேறு என்பதை அறியார். அதனை எடுத்துரைப்பது நமது கடமையாகும்.

இச்செடி இரண்டு, மூன்று அடி வளரும், முள் இராது. பூ சிறியது, ஐந்து வெள்ளை இதழ்களும் மஞ்சள் நடுவும் உடையது. மிளகினும் சற்றுப் பெரிய காய்கள் கொத்தாகத் தொங்கி, கனிந்ததும் கருமையாகும். முள்ளும் ஊதாப்பூவும் கொண்டது கண்டங்கத்தரி. குழல்போன்ற பெரிய பூவும் முட்காயும் கொண்டது ஊமத்தை. அது முழுவதும் நஞ்சு.

மணத்தக்காளியின் பச்சைக்காயில் சோலனின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. பழுக்கப் பழுக்க அது குறையும். ஆகவே, நன்கு கனிந்த பழத்தையே பிள்ளைகள் உண்ணலாம். காயைத் தின்ற குழந்தைக்கு வாந்தியோ வயிற்றுவலியோ கண்டால், தாமதியாது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்க. செடியின் கிளையொன்றையும் உடன் கொண்டு சென்றால், தின்றது இன்னதென மருத்துவர் அறிவார்.

சாக்கடையோரத்திலும் களைக்கொல்லி தெளித்த வயலிலும் கீரை பறிக்கலாகாது. பஞ்சாயத்து உறுப்பினர்கள், பள்ளிதோறும் காயையும் கனியையும் அருகருகே வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம்.