திரையில் சைகைமொழி: காது கேளாத பாத்திரங்களும் நடிகர் தேர்வும்

முன்னுரை

மாற்றுத்திறனாளிப் பாத்திரத்தை மாற்றுத்திறனாளியே ஏற்க வேண்டும் என்னும் கோரிக்கை பெரும்பாலும் வேலைவாய்ப்பு உரிமையின் அடிப்படையில் எழுகிறது. காது கேளாதோரைப் பொறுத்தவரை அது மொழிச் சிக்கலுமாகும். ஒரே கதையைக் கொண்ட இரு திரைப்படங்களின்வழி இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

ஒரு கதை, இரு தேர்வுகள்

'லா ஃபாமிய் பெலியே' (2014) என்னும் பிரெஞ்சுப் படம், காது கேளாத குடும்பத்தில் கேட்கும் திறனுடன் பிறந்து, பாடகியாக விரும்பும் பெண்ணின் கதையாகும். பெற்றோராகக் கேட்கும் திறனுடைய கரின் வியார், பிரான்சுவா டாமியன் ஆகியோர் நடித்தனர். இத்தேர்வு காது கேளாதோரின் கண்டனத்திற்கு உள்ளானது. சியான் ஹெடர் இதனை ஆங்கிலத்தில் 'கோடா' (2021) என மறுஆக்கம் செய்தபோது, தாய், தந்தை, மகன் ஆகிய பாத்திரங்களில் முறையே மார்லி மாட்லின், டிராய் கோட்சர், டேனியல் டுரான்ட் என்னும் காது கேளாத நடிகர்களே நடித்தனர். 2022இல் இப்படம் சிறந்த படம் உள்ளிட்ட 3 ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. சிறந்த துணை நடிகர் விருது கோட்சருக்குக் கிடைத்தது.

முகமும் இலக்கணமும்

சைகைமொழி தனி இலக்கணம் உடையது. அமெரிக்கச் சைகைமொழியில் 'ஆம்', 'இல்லை' என விடை வேண்டும் வினாவிற்குப் புருவம் உயரும். 'யார்', 'எங்கே' போன்ற வினாக்களுக்குப் புருவம் நெரியும். எனவே நடிகரின் முகம் உணர்ச்சியையும் இலக்கணத்தையும் ஒருங்கே சுமக்கிறது. படத்திற்காகப் பயிற்சி பெற்றவர் சைகைகளை மனப்பாடம் செய்துவிடலாம். இவ்விரண்டையும் இயல்பாக இணைப்பது கடினம். துணைத்தலைப்பைப் படிக்கும் பார்வையாளருக்கு இக்குறை புலப்படுவதில்லை; அம்மொழியினருக்கோ உச்சரிப்புத் தெரியாதவர் பேசும் வசனம்போல் உறுத்தும்.

மறுப்பும் வரம்பும்

நடிப்பென்பதே பிறராக மாறுதல் என்பது எதிர்வாதம். நோய்க்கு முந்தைய ஸ்டீபன் ஹாக்கிங்கையும் காட்டும் 'தி தியரி ஆஃப் எவ்ரிதிங்' (2014) படத்தில் எடி ரெட்மெயின் நடித்ததற்கு அது ஓரளவு பொருந்தும். ஆயின் அவ்வாறு மாறும் வாய்ப்பு ஒருவழிப் பாதையாகவே உள்ளது. கேட்கும் திறனுடையோர் காது கேளாதவராக நடிக்கின்றனர். காது கேளாத நடிகருக்குப் பிற பாத்திரங்கள் அரிதாகவே கிடைக்கின்றன. மாட்லின் 1987இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருது பெற்றார். நடிப்பிற்கான ஆஸ்கர் மீண்டும் காது கேளாத ஒருவருக்குக் கிடைக்க 35 ஆண்டுகள் ஆயின.

முடிவுரை

மொழி சார்ந்த வாதம் வலிமையானது. எனினும் அது மட்டும் போதாது. காது கேளாத பெற்றோரிடம் வளர்ந்த, கேட்கும் திறனுடைய பிள்ளைகளுக்கும் சைகைமொழி தாய்மொழியாக இருக்கக்கூடும். ஆதலால் பாத்திரத்தின் மொழியை யார் அறிவர் என்பதோடு, வாய்ப்பு யாருக்கு மறுக்கப்பட்டு வந்துள்ளது என்பதையும் சேர்த்து எண்ணும்போதே நடிகர் தேர்வு நேர்மையுடையதாகும்.