உழைப்பவரின் நிறம்

கையிலிருக்கும் டீ கிளாஸை ஒரு நிமிடம் ஜன்னலுக்கு நேரே பிடியுங்கள். வெயில் பின்னாலிருந்து விழும்போது விளிம்பு பொன்னாக மினுங்கும், டீ தேன் மாதிரி தெரியும். அதையே இறக்கி மேசை நிழலில் வையுங்கள். வெறும் பழுப்பு. பிலிப்பைன்ஸ் ஓவியர்கள் பல தலைமுறையாகப் போட்ட சண்டையின் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும்: உழைக்கிற மனிதனை எந்த வெளிச்சத்தில் நிறுத்துவது?

கதை தொடங்குவது மாட்ரிட்டில், 1884இல். பிலிப்பைன்ஸை அப்போது ஸ்பெயின் ஆண்டுகொண்டிருந்தது. ஹுவான் லூனா என்ற இருபத்தாறு வயது பிலிப்பினோ ஓவியர் மாட்ரிட்டில் நடந்த தேசியக் கலைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கினார். படம் ‘ஸ்போலியாரியம்’; நாலு மீட்டருக்கு மேல் உயரம், ஏழரை மீட்டருக்கு மேல் அகலம். பழைய ரோமில் களத்தில் செத்த கிளாடியேட்டர்களை இழுத்துக் கொண்டுவந்து, உடம்பில் கிடப்பதை உருவிக்கொள்ளும் அறைக்குத்தான் அந்தப் பெயர். படத்தின் நடுவில் இரண்டு உடல்கள் தரையோடு தரையாக இழுபடுகின்றன. வலது ஓரத்தில் ஒரு பெண் நமக்கு முதுகு காட்டிச் சரிந்து கிடக்கிறாள். ரோம் யார், இழுபடுவது யார் என்று பிலிப்பினோக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வெற்றியைக் கொண்டாடிய விருந்தில் எழுந்து பேசியவர் பிலிப்பினோ எழுத்தாளர் ஹோசே ரிசால். பன்னிரண்டு வருடம் கழித்து ஸ்பெயின் அரசு அவரைச் சுட்டுக் கொன்றது.

1898இல் ஸ்பெயின் போய் அமெரிக்கா வந்தது. புது எஜமானர்களும் பயணிகளும் ஊருக்குக் கொண்டுபோக அழகான படம் தேடினார்கள். அதை வரைந்து கொடுத்தவர் ஃபெர்னாண்டோ அமோர்சோலோ. நாற்று நடும் பெண்கள், முகத்தில் சிரிப்பு, பின்னாலிருந்து விழும் வெயில், தலைமுடி ஓரத்தில் பொன் கோடு. உங்கள் ஜன்னலோர டீ கிளாஸேதான். கை தேர்ந்த வேலை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நாள் முழுக்கக் குனிந்து நடுகிறவர்களுக்கு இடுப்பு வலிக்கும் என்பது மட்டும் அந்தப் படங்களில் தெரியாது.

அமெரிக்காவில் படித்தபோது அலாஸ்காவின் மீன் டப்பா ஆலைகளில் வேலை பார்த்த ஒருவர் 1928இல் மணிலா திரும்பினார். பெயர் விக்டோரியோ எடாடெஸ். அந்த வருடமே கண்காட்சி வைத்தார். அதில் ‘கட்டுபவர்கள்’ என்று ஒரு படம். அரை உடம்பில் துணியில்லாத ஆட்கள் பாறாங்கல்லோடு மல்லுக்கட்டுகிறார்கள். நிறம் சேறும் காவியும். ஆளைச் சுற்றித் தடித்த கருப்புக் கோடு. கை கால்கள் அளவுக்குள் நிற்கவில்லை. பொன் விளிம்பு எங்கும் இல்லை. ஒரு படம்கூட விலைபோகவில்லை. ‘கோணல்மாணல்’ என்று பழையவர்கள் கோபப்பட்டார்கள். சிற்பி கில்லெர்மோ தொலெந்தினோ எடாடெஸோடு எழுத்திலேயே மோதினார். பாரம் தூக்குகிறவன் உடம்பு கோணத்தானே செய்யும்? எடாடெஸ் பக்கத்து நியாயத்தை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

சண்டையைத் தீர்த்ததில் இரண்டாம் உலகப் போருக்கும் பங்குண்டு. 1945இல் ஒரு மாதப் போரில் மணிலா தரைமட்டமானது. இடிபாட்டுக்கு நடுவே தகரக் குடிசைகள் முளைத்தபின் பொன் வயலை யாரால் நம்ப முடியும்? 1947இல் சேசர் லெகாஸ்பி, எந்திரத்தோடு எந்திரமாகிப்போன தொழிலாளர்களை வரைந்தார். விசெந்தே மனன்சாலா குடிசையையும், ‘ஜீப்னி’ என்ற ஊர்ப் பயணிகள் வண்டியையும் கண்ணாடித் துண்டு போல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்காது. 1955இல் ஒரு போட்டிக் கண்காட்சியில் பரிசெல்லாம் நவீனர்களுக்குப் போகிறதென்று பழைய பாணியினர் படங்களைக் கழற்றிக்கொண்டு வெளியேறி, தெருவிலேயே பரப்பி வைத்தார்கள். 1928இல் வெளியே நின்றவர்கள் உள்ளே, உள்ளே இருந்தவர்கள் வெளியே!

உள்ளே வந்தவர்களுக்கும் சோதனை காத்திருந்தது. 1969இல் அதிபர் மார்கோஸின் மனைவி இமெல்டாவின் முனைப்பில், மணிலா விரிகுடாவைத் தூர்த்த நிலத்தில் பெரிய கலாசார மையம் திறந்தது. அரூப ஓவியமும் கருத்துருக் கலையும் அங்கே நன்றாக வளர்ந்தன. 1972இல் ராணுவச் சட்டம் வந்தது. கோடும் வண்ணமும் மட்டும் உள்ள படத்தில் ஆளே இல்லை. ஆள் இல்லாத படம் எந்த ஆட்சியையும் உறுத்தாது.

உழைப்பவரைத் திரும்பச் சுவருக்குக் கொண்டுவந்தது, 1976இல் உருவான ‘கைசஹான்’ என்ற ஓவியர் குழு. ஒற்றுமை என்று பொருள். அதிலிருந்த அந்திபாஸ் தெலோதாவோ 1978இல் ஒரு நீர்வண்ணப் படம் வரைந்தார். ஒடிசலான முதியவர் தோள் தொங்க நடந்து போகிறார். பின்னால் சுவர் நிறைய சிவப்பு கோக்கா கோலா விளம்பரம். அந்த எழுத்தின் வால் வளைந்து நீண்டு, கூராகி, சரியாக அவர் நெஞ்சுக்கு நேரே வந்து நிற்கிறது. தலைப்பின் பொருள் ‘மாங் ஹுவானின் இதயத்தில் வெட்டுக்கத்தி’. ‘மாங்’ என்பது வயதில் மூத்தவரை மரியாதையாக அழைக்கும் சொல். படத்தில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது.

அப்புறம் மாங் ஹுவானின் பிள்ளைகள் வேலை தேடிக் கப்பலேறிப் போனார்கள். சவுதி, ஹாங்காங், சிங்கப்பூர் என்று போனவர்கள் வீட்டுக்கு அனுப்பும் அட்டைப் பெட்டிக்கு ‘பாலிக்பாயான்’ பெட்டி என்று பெயர். ஊர் திரும்புபவர் என்பது அந்தச் சொல்லின் பொருள். சோப்பு, சாக்லேட், டின் இறைச்சி, துணிமணி எல்லாம் அதில் போகும். ஆல்ஃப்ரெதோ, இசபெல் அக்கிலிசான் தம்பதி 2006இல் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தவர்கள். அந்தப் பெட்டியின் அளவுக்கு வீட்டுச் சாமான்களை மடித்து அமுக்கிக் கட்டங்களாக்கிச் சுவர்போல எழுப்பினார்கள். துணி, பொம்மை, பாத்திரம் எல்லாம் தெரியும். ஆள் மட்டும் இல்லை.

லூனாவின் அறையில் உடம்பு கிடந்தது, உடைமைகளை உருவிக்கொண்டார்கள். இங்கே உடைமைகள் பத்திரமாக இருக்கின்றன. அந்த உடம்பு எந்த நாட்டில் வேலை பார்க்கிறதோ!

டீ ஆறிவிட்டது. இன்னொன்று சொல்லட்டுமா?