ஸ்லைடு திறந்தாலும் தமிழ் திறக்க வேண்டுமே!

புரொஜெக்டர் தயார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று இரவு கண்விழித்து நான் செய்த பிரசன்டேஷனை அந்தப் பள்ளியின் கணினி திறக்கவே இல்லை. அதில் இருந்தது பவர்பாயின்ட் 2003. என் பென்டிரைவில் இருந்தது பிபிடிஎக்ஸ். அன்று கரும்பலகையில்தான் பாடம் நடந்தது.

பழைய பிபிடிக்கும் புதிய பிபிடிஎக்ஸுக்கும் பெயரில் ஓரெழுத்துதான் வித்தியாசம். உள்ளே இரண்டும் வேறு வேறு. பவர்பாயின்ட் 2007 கொண்டுவந்த பிபிடிஎக்ஸ், உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை ‘ஜிப்’ என மாற்றித் திறந்து பாருங்கள்: ஸ்லைடுகள் எக்ஸ்எம்எல்லாகவும், படங்கள் தனி ஃபோல்டரிலும் கிடக்கும். பழைய பவர்பாயின்ட்டுக்கு இதை அவிழ்க்கத் தெரியாது. அதற்காக மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தந்த துணை மென்பொருளும் 2018இல் நிறுத்தப்பட்டது. ஆகவே அனுப்புகிறவர்தான் இறங்கிவர வேண்டும்.

‘சேவ் அஸ்’ போய் ‘பவர்பாயின்ட் 97-2003’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஃபைல் திறந்துவிடும். ஆனால் ஸ்மார்ட்ஆர்ட் வரைபடங்களைப் பழைய பதிப்பில் திருத்த முடியாது. ஸ்லைடுக்குள் பதித்த வீடியோ வெறும் படமாகிவிடும். வீடியோவைத் தனியாகவும் எடுத்துச் செல்லுங்கள். எவையெல்லாம் மாறும் என்பதை ‘செக் கம்பாட்டிபிலிட்டி’ முன்கூட்டியே காட்டிவிடும்.

தமிழில் செய்கிறவர்களுக்கு வேலை இத்தோடு முடிவதில்லை. பாமினி எழுத்துருவில் புள்ளி வைக்க அரைப்புள்ளி விசையை அழுத்துவோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் நம் வாக்கியம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறும். யூனிகோடுதான் சரியான வழி. அதிலும் விண்டோஸ் 8இல் வந்த நிர்மலா எழுத்துருவைப் பழைய கணினியில் எதிர்பார்க்க முடியாது. விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே உள்ள லதாவில் அமைப்பது நல்லது. எக்ஸ்பியில் இந்திய எழுத்து வசதியையும் இயக்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் ‘கெ’யின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு முன்னால் அப்படியொரு ஸ்லைடைக் காட்ட எனக்கு மனம் வராது.

இப்போது என் பென்டிரைவில் ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று ஃபைல்கள்: பிபிடிஎக்ஸ், பிபிடி, பிடிஎஃப். பிடிஎஃபில் அசைவுகள் போய்விடும், எழுத்து குலையாது. முதல் நாள் மாலையே போய், பிள்ளைகள் பார்க்கப்போகும் அதே கணினியில் கடைசி ஸ்லைடு வரை ஓட்டிப் பார்த்துவிடுகிறேன்.